மரபுரிமமும் கோர்வையும்: பொருள்நோக்கு நிரல் வடிவமைப்பில் ஐயம்பேட்டைத் தறி எழுப்பும் வினாக்கள்

ஆய்வுச் சுருக்கம்

பொருள்நோக்கு நிரல் வடிவமைப்பில் ஓர் இனக்குழுவை மற்றோர் இனக்குழுவின் வழித்தோன்றலாக அமைப்பதா, அன்றி அதனைத் தன்னுள் உறுப்பாகக் கொள்வதா என்பது வடிவமைப்பாளர் அடிக்கடி எதிர்கொள்ளும் தேர்வு. தமிழ்வழிக் கற்பித்தல் இவ்விரண்டனுள் முன்னதற்கே நிலைத்த பெயரும் தனி இடமும் தந்துள்ளது. காஞ்சிபுரம் வட்டாரப் பட்டுத் தறியின் கோர்வை முறை, தமிழ் இலக்கணத்தின் கிழமைப் பகுப்பு, தொல்காப்பிய மரபியலின் உயிர்ப் பகுப்பு ஆகியவற்றைத் துணைகொண்டு இக்கட்டுரை அக்குறையை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பொருள்நோக்கு நிரலாக்கம், மரபுரிமம், கோர்வை, தற்கிழமை, பிறிதின்கிழமை, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் வழியில் உள்ள ஐயம்பேட்டை, பட்டு நெசவால் அறியப்படும் ஊர்களுள் ஒன்று. இவ்வட்டாரத் தறிகளில் உருவாகும் கோர்வைச் சேலை பார்வைக்கு ஒரே துணி. நெசவு முறையில் அது பல பகுதிகளின் பிணைப்பு. உடலுக்கு ஓர் ஊடை ஓடுகிறது. இடக்கரைக்கும் வலக்கரைக்கும் தனித்தனி ஊடைகள் ஓடுகின்றன. முந்திக்குப் பாவே வேறு. இப்பகுதிகள் தத்தம் நிறத்தையும் வேலைப்பாட்டையும் இழக்காமல், தறியிலேயே ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று இச்சேலையைப் பற்றி மக்கள் சொல்வது இப்பிணைப்பின் உறுதியைக் குறித்தே.

இச்செய்தி கணினி அறிவியல் கற்பிப்போர்க்கு ஏன் வேண்டும் என்னும் வினா எழலாம். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒரு பொருள் மற்றொன்றின் பண்பையும் செயலையும் பெறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதன் வழித்தோன்றலாதல். மற்றொன்று, அதனைத் தன் உறுப்பாகக் கொள்ளுதல். ‘ஆதல்’ என்றும் ‘உடைத்தாதல்’ என்றும் இவ்வுறவுகளைச் சுருங்கக் குறிக்கலாம். தமிழில் இப்பாடத்தைப் பயிலும் மாணவர் முதல் வழியை விரிவாகக் கற்கிறார். இரண்டாம் வழியை அதன் உட்பிரிவுகளோடு அறியும் வாய்ப்பு அவருக்குக் குறைவு. விளைவாக, உடைத்தாதலாக அமைய வேண்டிய உறவுகளையும் ஆதலாகவே எழுதிப் பழகுகிறார். இக்குறைக்குக் கற்பித்தல் வரிசை ஒரு காரணம். தமிழ்க் கலைச்சொற்கள் எழுப்பும் உருவகம் மற்றொரு காரணம். பின்னதே இங்கு முதன்மையாக ஆராயப்படுகிறது.

சொல் செய்யும் வேலை

தமிழ்நாட்டு மேல்நிலை முதலாமாண்டுக் கணினி அறிவியல் பாடநூல், சி++ மொழியின் வழியாகப் பொருள்நோக்கு நிரலாக்கத்தை அறிமுகப்படுத்துகிறது. இனக்குழு, பொருள், பல்லுருவாக்கம், மரபுரிமம் என்பன அந்நூல் பரவலாக்கிய கலைச்சொற்கள். மரபுரிமத்துக்கு அதில் தனி இயல் உண்டு. ஒருவழி, பலவழி, பலநிலை, படிமுறை, கலப்பு என ஐவகைப் பகுப்பும் உண்டு. ஓர் இனக்குழுவின் பொருளை மற்றோர் இனக்குழு உறுப்பாகக் கொள்ளும் அமைப்புக்கு இத்தகைய தனி இயல் இல்லை. ‘உட்பொதிவு’, ‘கூட்டமைப்பு’, ‘சேர்க்கை’ என எழுதுவோர்க்கு ஏற்ப அதன் பெயரும் மாறிவருகிறது.

பெயர் நிலைபெற்ற கருத்தே மாணவர் மனத்தில் முதலில் எழும். அதிலும் ‘மரபுரிமம்’ வலிமை மிக்க சொல். மரபு, உரிமை என்னும் இரண்டும் தமிழ்ச் சமூகத்தில் ஐயத்துக்கு அப்பாற்பட்டவையாக மதிக்கப்படுவன. தந்தையின் நிலம் மகனுக்கு வருவது போல, தாய் இனக்குழுவின் செயற்கூறுகள் சேய் இனக்குழுவுக்கு வருகின்றன என்று வகுப்பறையில் விளக்கப்படும்போது அது இயற்கையின் நியதி போலவே கேட்கிறது. அவ்வுவமையில் விடுபடுவது ஒன்று உண்டு. தந்தை தந்த நிலத்தை மகன் விற்கலாம், நஞ்சையைப் புஞ்சையாக்கலாம், கொடுத்த பின் தந்தை அதில் தலையிடுவதில்லை. நிரலிலோ தாய் இனக்குழுவில் பின்னாளில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தமும் சேய்க்குள் வந்து சேர்கிறது. சொத்துரிமை ஒருமுறை கைமாறுவது. நிரலின் மரபுரிமமோ நிரல் வாழும்வரை அறுபடாத சார்பு. இவ்வேறுபாட்டைச் சொல் மறைத்துவிடுகிறது.

ஆங்கிலத்திலும் இதே உருவகம்தானே என மறுக்கலாம். உண்மையே. ஆயின் ஆங்கிலவழி மாணவர்க்கு அவ்வுருவகத்தைத் திருத்தும் நூல்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. தமிழ்வழி மாணவர்க்குப் பாடநூலே பெரும்பாலும் முதலும் முடிவுமாக அமைந்துவிடுகிறது.

மரபுரிமம் மீது எழுந்த ஐயங்கள்

இனக்குழு, துணை இனக்குழு என்னும் அமைப்பை முதலில் நிரல்மொழிக்குக் கொண்டுவந்தவர்கள் நார்வே கணினி மையத்தின் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நீகார்ட் ஆகியோர். அவர்களது சிமுலா 67 மொழி, உலக நிகழ்வுகளைக் கணினியில் போலச்செய்யும் நோக்கில் பிறந்தது. போலச்செய்தலுக்குப் பொருள்களை வகைப்படுத்துவது இன்றியமையாதது; ஆகவே வகையும் உள்வகையும் அங்கு இயல்பாகவே பொருந்தின. பின்னர் அலன் கே முதலியோர் உருவாக்கிய ஸ்மால்டாக், பியார்னே ஸ்டிரவுஸ்டிரப்பின் சி++ ஆகியவற்றின் வழியே அவ்வமைப்பு எல்லாவகை மென்பொருளுக்கும் பரவியது. எழுதிய நிரலை மீண்டும் பயன்படுத்தும் எளிய வழியாகவும் அது போற்றப்பட்டது. சிக்கல் இங்கேதான் தொடங்கியது. வகைப்படுத்தலுக்காக வந்த கருவி, நிரலைக் கடன் வாங்கும் கருவியாகவும் ஆயிற்று.

1986இல் அலன் ஸ்னைடர் தம் ஆய்வுரையில், மரபுரிமம் இனக்குழுவின் உள்ளமைப்பை வழித்தோன்றல்களுக்குத் திறந்துகாட்டி உறைபொதியாக்கத்தைக் குலைக்கிறது என்று எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டில் பார்பரா லிஸ்கோவ், தாய்வகைப் பொருள் நிற்குமிடத்தில் சேய்வகைப் பொருளை வைத்தாலும் நிரலின் நடத்தை பிழைபடாதிருத்தல் வேண்டும் என்னும் நெறியை முன்வைத்தார். 1994இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைடிஸ் ஆகிய நால்வரும் வெளியிட்ட வடிவமைப்புத் தோரணங்கள் குறித்த நூல், மரபுரிமத்தினும் பொருள்களைக் கூட்டியமைத்தலுக்கே முன்னுரிமை தரவேண்டும் என்றது. கோ, ரஸ்ட் போன்ற பிற்கால மொழிகள் இனக்குழு மரபுரிமம் இன்றியே வடிவமைக்கப்பட்டன.

இந்த ஐயங்கள் ஏட்டளவில் நின்றவை அல்ல. ஜாவா மொழியின் தொடக்ககால நூலகத்தில் ‘ஸ்டாக்’ என்னும் அடுக்கு, ‘வெக்டர்’ என்னும் வரிசையின் வழித்தோன்றலாக எழுதப்பட்டது. மேலிருந்து மட்டுமே வைக்கவும் எடுக்கவும் கூடியது அடுக்கு. வரிசையின் செயற்கூறுகள் அனைத்தும் அதற்கு வந்துவிட்டமையால், அடுக்கின் நடுவிலும் ஒன்றைச் செருக இயலும் நிலை ஏற்பட்டது. எவர் மீதும் வழக்குத் தொடுக்க முடியாத பிழை இது. மொழி அனுமதித்ததையே அவர்கள் செய்தார்கள். ஆயின் வெளியிட்ட உறவைப் பின்னர் அறுக்க முடியவில்லை. இன்றும் அது அவ்வாறே உள்ளது. வேறோர் அமைப்பைப் பயன்படுத்துமாறு ஜாவாவின் ஆவணமே பரிந்துரைக்கிறது.

தறியில் கோர்வை

கோர்வை முறையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். சேலைத் தறியில் பாவு நீளவாட்டில் கட்டப்பட்டிருக்கும். ஊடை நூலைச் சுமந்த நாடா குறுக்கே செல்லும். எளிய சேலையில் ஒரே நாடா ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஓடுகிறது. கரைக்கு வேறு நிறப் பாவு கட்டியிருந்தாலும், உடலின் ஊடையே கரைக்குள்ளும் ஓடுவதால், அரக்குப் பாவில் பச்சை ஊடை கலந்து கரையின் நிறம் மங்குகிறது. கரை தனக்கெனத் தூய நிறம் கொண்டு நிற்க இயலாது.

கோர்வைத் தறியில் மூன்று நாடாக்கள் இயங்குகின்றன. இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று, உடலுக்கு ஒன்று. கரையும் உடலும் சந்திக்கும் எல்லையில், கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றையொன்று கொக்கி போல வளைத்துப் பற்றிக்கொண்டு தத்தம் பகுதிக்குத் திரும்புகின்றன. ஒவ்வோர் ஊடையிலும் இது நிகழ வேண்டும். பிணைப்பிடத்தை முன்னும் பின்னுமாக நகர்த்தி நெய்யும்போது எல்லையில் பல்வரிசை போன்ற கூம்புகள் தோன்றுகின்றன. முந்தியின் இணைப்போ பாவு வழியே நிகழ்வது. உடலின் பாவு இழைகளோடு முந்தியின் வேறு நிறப் பாவு இழைகள் ஒவ்வொன்றாகப் பிணைக்கப்படுகின்றன. இதனைப் பிட்னி என்பர். இணைந்த இடத்தில் துணி சற்றே தடித்திருப்பதைக் கைவிரலால் உணரலாம்.

எளிய கரையும் கோர்வைக் கரையும் மரபுரிமத்துக்கும் கூட்டியமைத்தலுக்கும் உள்ள வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டுகின்றன. மரபுரிமத்தில் தாயின் செயல்முறை சேய்க்குள் ஊடையாக ஓடுகிறது. சேய் தன் நிறத்தை முழுமையாகக் காட்ட இயலுவதில்லை. கோர்வையில் இரு பகுதிகளும் எல்லையில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. தொடும் முறை வரையறுக்கப்பட்டது. எல்லைக்கு அப்பால் கரையில் கோபுரம் நெய்தாலும் தாழம்பூ நெய்தாலும் உடலுக்கு அதனால் மாற்றமில்லை. நிரலாளர் ‘இடைமுகம்’ என்று குறிப்பது இவ்வெல்லையையே.

கூட்டுறவுச் சங்கக் கணக்கு ஓர் எடுத்துக்காட்டு

பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் இருப்பையும் கூலியையும் கணக்கிட ஒரு நிரல் எழுதப்படுவதாகக் கொள்க. மரபுரிமத்தை மட்டும் பயின்றவர் ‘சேலை’ என்னும் அடிப்படை இனக்குழுவிலிருந்து தொடங்குவார். அதிலிருந்து ‘கட்டம்போட்ட சேலை’, அதிலிருந்து ‘கோபுரக் கரை கொண்ட கட்டம்போட்ட சேலை’, அதிலிருந்து ‘பிட்னி முந்தியுடன் கூடிய…’ என மரம் கிளைக்கும். உடல் மூவகை, கரை நால்வகை, முந்தி ஐவகை எனின் எல்லாச் சேர்க்கைகளுக்கும் 60 இனக்குழுக்கள் வேண்டும். புதிய கரை ஒன்று வந்தால் மேலும் 15 எழுத வேண்டும். உடல், கரை, முந்தி ஆகியவற்றைத் தனித்தனிப் பொருள்களாக்கிச் ‘சேலை’ அவற்றை உடையது என அமைத்தால் 12 இனக்குழுக்களும் சேலைக்கு ஒன்றும் போதும். புதிய கரைக்கு ஒன்று மட்டும் கூடும்.

எண்ணிக்கைப் பெருக்கம் கண்ணுக்குத் தெரியும் குறை. அதனை எவரும் விரைவில் உணர்ந்து திருத்துவர். கண்ணுக்குத் தெரியாத குறை கூலிக் கணக்கில் உள்ளது. ‘சேலை’ இனக்குழுவில் ‘கரைக்கூலி’ என்னும் செயற்கூறு ஒரு பக்கக் கரையின் கூலியைத் தருகிறது; ‘மொத்தக்கூலி’ என்பது உடலின் கூலியோடு கரைக்கூலியின் இரு மடங்கைக் கூட்டுகிறது. ‘கோர்வைச் சேலை’ என்னும் சேய் இனக்குழு, கோர்வைக்குரிய உயர்ந்த கூலியைத் தரும்படி ‘கரைக்கூலி’யை மட்டும் மாற்றி எழுதிக்கொள்கிறது. எடுத்துக்காட்டாக ஒரு பக்கத்துக்கு 600 ரூபாய் எனக் கொண்டால் கரைக்கு 1200 ரூபாய் சேரும். சில ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் அடிப்படை இனக்குழுவைச் சீர்செய்கிறார். ‘கரைக்கூலி’ இனி இரு பக்கக் கூலியையும் சேர்த்தே தரும் என மாற்றி, ‘மொத்தக்கூலி’யிலிருந்து இரு மடங்காக்கலை நீக்குகிறார். அவர் அளவில் கணக்குப் பிசகவில்லை. எளிய சேலைகளுக்கு முன்போலவே கூலி வருகிறது. கோர்வைச் சேலைக்கோ கரைக்கூலி 600 ரூபாயாகக் குறைகிறது. அந்தச் சேய் இனக்குழுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நிரலும் பிழைச்செய்தி எதையும் காட்டவில்லை. மிகக் கடினமான வேலையைச் செய்த தறிக்காரரின் கரைக்கூலி பாதியாகிறது.

நொறுங்கும் அடிப்படை இனக்குழுச் சிக்கல் என இது ஆய்வுலகில் அறியப்படுகிறது. தாய் தன் செயற்கூற்றைத் தானே அழைக்கும்போது, இடையில் சேயின் மாற்றுரு புகுந்துவிடுவதே இதன் மூலம். கரை தனிப்பொருளாக இருந்து, ‘இரு கரைக்குமான கூலி’ என்னும் ஒரே வினாவுக்கு விடை தருவதாக அமைந்திருந்தால், சேலையின் உள்கணக்கு எவ்வாறு மாறினும் கரையின் கணக்கில் அது நுழைய வழியில்லை. ஆயின் இதனை மிகைப்படுத்தலாகாது. அவ்வினாவின் பொருளையே ஒருவர் அறிவிப்பின்றி மாற்றினால் கோர்வை அமைப்பிலும் இதே பிழை நேரும். கூட்டியமைத்தல் பிழையை ஒழிப்பதில்லை. பிழை நுழையக்கூடிய வாயில்களைக் குறைத்து, அவற்றுக்குப் பெயரிடுகிறது.

இன்னொரு பழக்கமும் குறிப்பிடத்தக்கது. கரை நெய்யும் நிரற்பகுதி வேட்டிக்கும் வேண்டியிருப்பதால் ‘வேட்டி’யைச் ‘சேலை’யின் வழித்தோன்றலாக்குவது மாணவர் பயிற்சிகளில் எளிதில் நேரக்கூடியது. வேட்டிக்கு முந்தி வந்துவிட்டதே என்று பின்னர் அந்தச் செயற்கூற்றை வெறுமையாக்குவர். லிஸ்கோவின் நெறி மீறப்படும் இடம் இது. கடன் வாங்க வேண்டியது கரையை மட்டுமே. அதற்காக வேட்டியைச் சேலையாக்க வேண்டியதில்லை.

கிழமைப் பகுப்பும் உடைமை வகைகளும்

உடைத்தாதலும் ஒரே தன்மையதன்று. 1990களில் உருவாகிய ஒருங்கிணைந்த மாதிரிப்பு மொழி, உடைமை உறவை இரண்டாகப் பிரித்து வரைபடத்தில் நிரப்பிய வைரக்குறியாலும் வெற்று வைரக்குறியாலும் காட்டுகிறது. முன்னதில் முழுமை அழிந்தால் உறுப்பும் அழியும். பின்னதில் உறுப்பு முழுமையைக் கடந்தும் வாழும். இவ்வேறுபாடு கற்பித்தலில் பெரிதும் குழப்பம் விளைவிப்பது.

தமிழ் இலக்கணம் ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமை என்கிறது. தன்னோடு ஒற்றுமைப்பட்டதன் உறவு தற்கிழமை; தன்னின் வேறாயதன் உறவு பிறிதின்கிழமை. தொல்காப்பிய வேற்றுமையியல் இப்பாகுபாட்டுக்கு இடம் வகுக்கிறது. நன்னூல் தற்கிழமையைப் பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம் என ஐந்தாக விரிக்கிறது. சேலையது கரை என்பது உறுப்புத் தற்கிழமை. கோர்வையிட்ட கரையைப் பிரித்தால் கரையும் இல்லை, சேலையும் இல்லை. நெசவாளரது தறி என்பது பிறிதின்கிழமை. தறியை விற்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம், அது வேறொருவர் வீட்டிலும் தறியாகவே இருக்கும்.

தறிக்குள்ளேயே பிறிதின்கிழமைக்கு இன்னும் தெளிவான சான்று ஜக்கார்டு பெட்டி. 1804இல் ஜோசப் மரி ஜக்கார்டு பிரான்சில் உருவாக்கிய இப்பொறி, துளையிட்ட அட்டைகளின் வழியே பாவு இழைகளை உயர்த்தும். சார்லஸ் பாபேஜ் தம் பகுப்புப் பொறிக்கு அட்டைகளைக் கொண்டதற்கு இதுவே முன்மாதிரி. குழித்தறியின் மேல் பெட்டியைப் பொருத்துகின்றனர். வேறு உருவம் வேண்டின் அட்டைத் தொகுதியை மட்டும் மாற்றுகின்றனர். யானை நெய்த தறி மயில் நெய்யத் தொடங்குவதற்குத் தறியைப் புதிதாகக் கட்டுவதில்லை. நால்வர் நூல் ‘உத்தி’ என்னும் தோரணமாக விளக்குவதன் கருத்தும் இதுவே: மாறக்கூடிய செயலைத் தனிப்பொருளாக்கிப் பொருத்திக்கொள்ளுதல்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். தொல்காப்பியத்திலேயே பொருள்நோக்கு நிரலாக்கம் உண்டு என்னும் பாங்கில் எழுதப்படும் கட்டுரைகள் இலக்கணத்துக்கும் பெருமை சேர்ப்பதில்லை, கணினி அறிவியலுக்கும் பயன் தருவதில்லை. இரு பகுப்புகளும் முழுதும் பொருந்தவும் இல்லை. நெற்குவியலை எடுத்துக்கொள்க. இலக்கணம் அதனை ஒன்றன் கூட்டமாகக் கருதித் தற்கிழமையில் அடக்கும்; நெல்லின் வேறாகக் குவியல் என ஒன்று இல்லை என்பது அதன் நோக்கு. மாதிரிப்பு மொழியோ குவியல் கலைந்த பின்னும் நெல்மணிகள் எஞ்சுவதால் அதனை வெற்று வைரக்குறியில் சேர்க்கும். இலக்கணம் ‘வேறா, ஒன்றா’ என வினவுகிறது. நிரல் ‘உடன் அழியுமா, எஞ்சுமா’ என வினவுகிறது. வினா வேறு என்பதை உணர்ந்து ஒப்பிடும் மாணவர், வைரக்குறிகளை மனப்பாடம் செய்பவரினும் தெளிவு பெறுவார்.

மரபியல் காட்டும் எல்லை

மரபுரிமம் எங்கே பொருந்தும் என்பதற்கும் தமிழிலேயே நல்ல சான்று உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. ஒவ்வொரு படியும் முன்னைய படியின் புலனறிவுகள் அனைத்தையும் கொண்டு, மேலும் ஒன்றைப் பெறுகிறது. கூடுவதன்றிக் குறைவதில்லை. மேற்படி உயிரிடம் கீழ்ப்படியின் புலனறிவு உண்டா என வினவினால் எப்போதும் உண்டு என்பதே விடை. லிஸ்கோவ் கோரிய நிலை இங்குக் குறைவின்றி நிறைவேறுகிறது. பலநிலை மரபுரிமத்தைக் கற்பிக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அதே மரபியல் இளமைப் பெயர்களைக் கூறும்போது அறிவுப் படிநிலையைப் பின்பற்றுவதில்லை. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது பெயர்களை நிறுத்தி, எவ்வெவ்வுயிர்க்கு எவ்வெப்பெயர் உரியது எனத் தனித்தனியே இணைக்கிறது. யானைக்கும் உரியது கன்று. ஓரறிவுயிராகிய மரத்துக்கும் உரியது கன்று. வாழைக்கன்று, மாங்கன்று, தென்னம்பிள்ளை, கீரிப்பிள்ளை என இன்றும் வழங்குகிறோம். ‘கன்று’ என்னும் பெயர் யானைக்கும் வாழைக்கும் பொது மூதாதை ஒன்றிடமிருந்து வந்ததெனக் காட்ட முயன்றால் அறிவுப் படிநிலை முழுவதும் சிதையும். படிநிலையை அதற்குரிய புலனறிவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதனைக் குறுக்கே வெட்டிச் செல்லும் பெயர்களை வேறாகத் தொகுத்துப் பொருத்தும் இந்நடைமுறை, வடிவமைப்பாளர் கருதத்தக்கது. ஒரே நூலின் ஒரே இயலில் இரு உறவுகளும் அருகருகே நிற்கின்றன.

கோர்வையின் விலை

‘மரபுரிமத்தைத் தவிர், கூட்டியமை’ என்னும் தொடர் இன்று நேர்முகத் தேர்வுகளில் ஒப்பிக்கப்படும் வாய்பாடாகிவிட்டது. நால்வர் நூல் முன்னுரிமையைச் சொன்னதேயன்றி விலக்கைச் சொல்லவில்லை. அந்நூலின் தோரணங்கள் பலவற்றில் மரபுரிமமும் உண்டு. ஒரு வாய்பாட்டின் இடத்தில் மற்றொன்றை வைப்பது திறனாய்வாகாது.

கோர்வைக்கும் விலை உண்டு. மூன்று நாடாக்களை ஒருவர் தனியே இயக்குதல் அரிது. மறுபுறக் கரையின் நாடாவைச் செலுத்த, தறிக்காரரோடு துணையாள் ஒருவர் அமர வேண்டும். வேலை மெதுவாகும். துணையாளுக்குக் கூலி வேண்டும். அக்கூலியை மிச்சப்படுத்தச் சிறுவர்களை அமர்த்திய காலமும் இவ்வட்டாரத் தொழில் வரலாற்றில் உண்டு. கோர்வையின் அழகைப் பேசும் எழுத்துகள் இத்துணையாளை மறந்துவிடுகின்றன. நிரலிலும் இதற்கு இணை உண்டு. பகுதிகளைப் பிரித்தபின் ஒவ்வொரு வேண்டுகோளையும் உரிய பகுதிக்குக் கடத்தும் சிறு செயற்கூறுகளை எழுத வேண்டும். எந்தப் பகுதியை யார் உருவாக்கிப் பொருத்துவது என்பதை முடிவுசெய்ய மேலும் ஓரமைப்பு வேண்டும். நிரலைப் படிப்பவர் ஒரு செயலின் முழு வடிவைக் காணப் பல கோப்புகளைத் திறக்க நேரும். இவ்வேலை பெரும்பாலும் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் விழுகிறது.

ஆகவே தேர்வுக்குரிய வினா, மாற்றம் எப்பகுதியில் வரும் என்பதே. உடலும் கரையும் ஒரே நிறமாக அமையும் சேலைக்கு மூன்று நாடா வேண்டியதில்லை. ஒரு நாடா ஓடினால் போதும். வகை உறவு உண்மையாகவும், தாய் இனக்குழு இனி மாறாது என்னும் உறுதி உடையதாகவும், இரண்டையும் ஒரே குழு பேணுவதாகவும் இருப்பின் மரபுரிமம் சுருக்கமானது, தெளிவானது. உடலும் கரையும் வெவ்வேறு கைகளில் வெவ்வேறு காலத்தில் மாறும் என எதிர்பார்க்குமிடத்தில் துணையாளின் கூலியைக் கணக்கில் வைத்துக் கோர்வையைத் தேர்வதே தகும்.

கலைச்சொல் குறித்து

‘கோர்வை’ என்பதைக் கூட்டியமைத்தலுக்குரிய கலைச்சொல்லாக ஏற்பதில் இரு தடைகள் சொல்லப்படலாம். ‘கோத்தல்’ என்பதே செவ்வடிவம், ‘கோர்த்தல்’ வழு என்பது ஒன்று. இலக்கிய வகைப் பெயராகிய ‘கோவை’ கைவசம் இருக்க, நெசவு வழக்கு எதற்கு என்பது மற்றொன்று. கோவை என்பது மணிகளை ஒரு நூலில் வரிசைப்படுத்துதலைச் சுட்டும்; மணிகளுக்குள் பிணைப்பில்லை, நூலோடு மட்டுமே உறவு. காஞ்சித் தறியின் கோர்வையில் இரு பகுதிகளும் எல்லையில் ஒன்றையொன்று பற்றுகின்றன. கருத்துக்கு நெருக்கமானது பின்னதே. தொழிலாளர் வழக்கில் நிலைத்த சொல்லை எழுத்து வடிவம் கருதி விலக்குவதற்குப் போதிய காரணம் இல்லை. காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றதன் பின், அவ்வகையின் அடையாளமாகிய இச்சொல் நெசவூர்களுக்கு வெளியிலும் அறியப்பட்டே உள்ளது.

நிரப்பிய வைரக்குறி உறவுக்குக் ‘கோர்வை’ பொருந்தும். வெற்று வைரக்குறி உறவுக்கு அது பொருந்தாது. அங்கு ஜக்கார்டு பெட்டியைப் போலப் பொருத்தவும் கழற்றவும் கூடிய உறவைச் சுட்டும் சொல் வேண்டும். ‘பொருத்து’ அல்லது ‘பிறிதுடைமை’ கருதத்தக்கவை. வேண்டுகோளை உறுப்புக்குக் கடத்தும் செயலுக்கு ‘ஒப்படைப்பு’ என்பது சிலரால் ஆளப்படுகிறது. ஆயின் ஒப்படைத்தவர் பொறுப்பிலிருந்து விடுபடும் பொருளும் அதில் கலந்துள்ளது. நிரலில் கடத்திய இனக்குழு விடைக்குத் தொடர்ந்து பொறுப்பாகவே உள்ளது. இவ்விரு சொற்களும் நெசவு, தச்சு, கொல்லு முதலிய தொழில் வழக்குகளில் தேடப்பட வேண்டியவை.